வெங்காயப் பாட்டு

மணி பத்தே முக்கால்.
பிறைத் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு மண்டபம்.
பிரியாணி முடிந்து, ஐஸ்கிரீம் உருகி,
வாசல் ஓர மேசை
கைப்பையைத் தேடத் தொடங்கிவிட்டது.
ஆடும் தரை காலி.
போன வருஷத்துக் குத்தைப் போட்டாயிற்று,
அதற்கு முந்தினதையும் போட்டாயிற்று.
மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேர்
கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.
இருபத்தாறு வருஷமாய் ஸ்பீக்கர் தூக்குகிறவன் நான்.
இந்த நேரத்துக்கு ஒரே மருந்துதான்.

முதலில் தேங்காய் துருவும் சத்தம்:
சர சரக், சர சரக்.
வரி வெட்டிய சுரைக்குடுக்கையைக்
குச்சியால் சுரண்டுகிறார்களாம்.
இருக்கட்டும். எனக்கு அது தேங்காய்தான்.
அப்புறம், ஆர்மோனியத்தை நெஞ்சில் கட்டிக்கொண்டு
யாரோ ஓடிவருவது போல ஒரு பெட்டி.
அப்புறம் அவள்.

பெயர் தெரியாது.
கேசட் என் கைக்கு வந்தபோதே ஒட்டுத்தாள் உரிந்திருந்தது.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
மெஷின் பூட்ட வந்த டெக்சஸ்காரன்
ஆண்டு விருந்தில் நீட்டினான்.
போட்டேன்.
நைட் ஷிப்ட் மொத்தமும் நாற்காலியை விட்டு எழுந்தது.
அவன் அதைத் திருப்பிக் கேட்காமலே
விமானம் ஏறிவிட்டான்.

என்ன பாஷை என்று எவருக்கும் தெரியவில்லை.
"போர்த்துகீசு" என்றான் சமையல் ஆ கியோங்.
எதையும் சந்தேகமில்லாமல் சொல்லுவான்,
இறாலின் வயதைக்கூட.

பல்லவியில் அவள் "வெங்காயா" என்பாள்.
எங்கள் காதுக்கு அப்படித்தான்.
ஜாவியோ ஜூருவோ நிபோங் திபாலோ,
அவள் "வெங்காயா" என்று இழுத்தால்
"வெங்காயம்!" என்று மண்டபம் திருப்பிக் கொடுக்கும்.
கைதட்டு இரண்டு, இடுப்பு ஒன்று.
இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.
காது குத்தின வீட்டில் "வெங்காயம்" கத்திய பிள்ளை
போன மாதம் தன் நிச்சயத்துக்கு என்னை புக் செய்தான்:
"அண்ணே, மத்தது உங்க இஷ்டம். வெங்காயம் கட்டாயம்."
கேசட் போனது, சிடி போனது,
இப்போது சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு துண்டு.
என் முடிதான் நரைத்தது.

இன்று பெண்ணின் அம்மா புஷ்பலீலா நான்காம் மேசை.
ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவள், தோள் அகலம்.
அப்பா குணாளன் பத்தொன்பதாம் மேசை.
கோர்ட்டில் முடிந்து ஆறு வருஷம்.
இரண்டு மேசைக்கும் நடுவே
வேண்டுமென்றே வைத்தது மாதிரி ஒரு கேக்.

சர சரக்.
அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.
அவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.
தொடவில்லை. பேசவில்லை.
பின்னால் ஓர் அடி, கூடி நில்,
பின்னால் ஓர் அடி, கூடி நில்.
சுற்றி நூறு பேர் வெங்காயம் வெங்காயம் என்று குதிக்க,
அந்த இரண்டு பேரும் மட்டும் சத்தம் போடாமல்
ஒருவர் பாதத்தை ஒருவர் பார்த்து ஆடினார்கள்.
மூன்று நிமிஷம் நாற்பது வினாடி.
பிறகு நான்கு. பிறகு பத்தொன்பது.

உங்களிடம் மறைப்பானேன்,
போன வருஷம் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன்.
அது எழுத்தெழுத்தாய்ச் சொல்லியது:
"வா, இப்பவே வா."
அவ்வளவுதான்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் நாளைக்கு எதைக் கத்துவார்கள்?

மணப்பெண் பட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
ஐம்பது வெள்ளியை மிக்சர் மேல் வைத்தாள்.
"அங்கிள், இன்னொரு தரம்."

ஒரு ராத்திரிக்கு ஒருமுறை.
இது என் சட்டம்.
அமைச்சர் வீட்டுக் கல்யாணத்திலேயே மீறாதவன்.
நோட்டைத் திருப்பித் தள்ளினேன்.
தள்ளும்போது நான்காம் மேசை கண்ணில் பட்டது.
செருப்பு மேசைக்கு அடியில்
ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
அவள் கால் அதைத் தேடவில்லை.

மறுபடியும்
தேங்காய் துருவினேன்.