பற்று வரவு

காரைக்குடியில் பழம்பொருள் விற்கிற தெருவில்
பேரேடு கிலோ எண்பது ரூபாய்.
தோல் அட்டை போட்டதற்குத் தனி விலை,
சினிமாக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.
எனக்குக் கிடைத்தது அட்டை கிழிந்தது.
நாலு கிலோ முந்நூறு கிராம்.
மூவாரில் கொடுக்கல் வாங்கல் நடத்திய
சோனா பேனா கானா வீட்டு நிலுவை ஏடு.

வேலை எனக்குச் சார்நிலைக் கருவூலத்தில்.
தியாகிகள் பென்ஷன் என் மேசை.
உயிரோடு இருக்கிறார்களா என்று
வருஷா வருஷம் கையெழுத்து வாங்குவேன்.
சேர்ந்தபோது பதினொரு பேர்.
இப்போது கோட்டையூரில் ஒரு விதவை மட்டும்,
அவரும் கைநாட்டு.

எங்கள் வீட்டு மனு
நான் பிறப்பதற்கு முன்பே மூன்று தடவை திரும்பியது:
‘உடன் சிறையிருந்த இருவரின் சான்று இணைக்கப்படவில்லை.’
மனுவில் இருப்பவர் தாத்தாவின் அண்ணன்,
கண்டனூர் சாத்தையா.
கிட்டங்கியில் சமையல்.
படம் கிடையாது, கடிதம் கிடையாது,
செத்த நாள் தெரியாததால் திவசமும் கிடையாது.
பேச்சை எடுத்தாலே
அப்பா செருப்பைத் தேடுவார், வெளியே போக.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
சுபானு வருஷம், கார்த்திகை ஐந்து.
‘சமையல் சாத்தையா பற்று வெள்ளி 37.
சொல்லாமல் எடுத்தது.
பட்டாளத்துக்குப் போனதாய்க் கேள்வி.’

கடைக்காரர் ஊறுகாய் ஜாடி ஒன்றைத்
துடைத்துக்கொண்டிருந்தார்.
முதலில் வந்தது பெருமை இல்லை.
பெட்டியடியிலிருந்து முப்பத்தேழு வெள்ளி.
எதற்கு?
சிங்கப்பூர் போகிற லாரிக்காரனுக்கா,
பூட்ஸுக்கா,
துண்டேந்தி வந்தவர்களிடம்
முதலாளி காசைத் தன் பெயர் சொல்லிப் போட்டாரா,
டெல்லிவரை நடப்பதாய் இருந்தவருக்கு
வழிச்செலவு என்று ஒரு கணக்கு இருந்திருக்குமா?

மேடத்திடம் காட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.
“கேள்வின்னா வதந்தி.
திருட்டுக்குத்தாம்மா இதுல சான்று இருக்கு.”

ராத்திரி மறுபடி புரட்டினேன்.
தாரண வருஷம்: சாத்தையா நிற்பது, வட்டி சேர்த்து.
பார்த்திப வருஷம் சண்டை முடிந்தது.
வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு
அடுப்புக்குக்கூட ஆகவில்லை.
அந்த நோட்டில் வாங்கிய கடன் எல்லாவற்றையும்
தலையிலிருந்து கால்வரை ஒரே கோடாய்
அடித்திருக்கிறது ஒரு கை.
கோடு நேராக வந்து
ஓர் இடத்தில் வளைந்து
ஒரு வரியைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது.

விய. சர்வசித்து. சர்வதாரி.
சாத்தையா நிற்பது.
சுதந்திரம் வந்ததற்கு ஏட்டில் ஒரு பதிவும் இல்லை,
அந்த மாதமும் வட்டி ஏறியிருக்கிறது.
மை கறுப்பிலிருந்து நீலமாகிறது,
எழுத்து கொஞ்சம் கொஞ்சமாய் நடுங்குகிறது,
அடியில் அதே கையெழுத்து:
அடுத்தாள் க. அடைக்கப்பன்.
‘வராக்கடன்’ என்று ஒரு சொல் எழுத
எத்தனை நேரம் ஆகும்?
துன்முகி வருஷம்வரை எழுதவில்லை அந்த மனிதர்.
யார் ஆக்கிய சோற்றை எத்தனை வருஷம் சாப்பிட்டாரோ.
அதற்குப் பிறகு வெறும் தாள்,
பூச்சி அரித்த துளைகள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.
திருட்டு என்ற இடத்தில் நிறுத்தவில்லை நான்.
“எவ்வளவு?”
“முப்பத்தேழு வெள்ளி. வட்டி தனி.”
“குடுத்துரணும்.”

யாருக்கு?
சோனா பேனா கானா வீட்டுக்கு இன்றைக்குப் பதினாறு பங்கு,
வாசல் கதவுக்கு மூன்று பூட்டு,
சாவி ஒன்று மெல்போர்னில்.
செல்லாத நோட்டுக்கு
எந்தக் கவுண்டரில் செல்லான் போடுவது?

அப்பா ஏட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
எழுத்துக் கூட்டினார்.
வலது பக்கம், வரவு என்று தலைப்பிட்டு
ஒன்றுமே எழுதாத இடத்தை
உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.
“குடுத்துட்டா கணக்கு முடிஞ்சுரும்ல.”
“ஆமா.”
“அப்ப வேண்டாம். நிக்கட்டும்.”

அதற்கப்புறம்தான் செருப்பைத் தேடினார்.