ஜனவரி ஒன்று

பகலில் பதினாறு பேரைத் தமிழாக்குகிறேன்.
முருகேஷ்பாளையத்தில் மூன்றாம் மாடி.
வினுதா அனுப்பும் எக்செல் தாளில்
மனிதகுலம் கட்டம் கட்டமாக வந்து இறங்கும்:
திட்டக்காரர், சமாதானக்காரர், தனிவழிக்காரர்.
ஆளுக்குத் தொண்ணூறு சொல், மேலே போகக் கூடாது.
கெட்ட குணம் ஏதாவது எழுதினால்
மஞ்சள் பூசித் திருப்பிவிடுவாள்.
'பிடிவாதம்' வேண்டாமாம், 'உறுதி' போடணுமாம்.

இரவில் பன்னிரண்டு பேர்.
வார இதழுக்கு ராசிபலன்.
ஆசிரியர் எனக்கு வைத்த பெயர்
ஜோதிடச் செம்மல் ஆவுடையப்பன்.
கட்டம் போடத் தெரியாது எனக்கு.
சனி எங்கே நிற்கிறார் என்று
பழைய இதழைப் பார்த்து எழுதிக்கொள்வேன்;
அவர் மெதுவாக நகர்வது பெரிய உதவி.

டேங்கர் தண்ணீர் வராத ஒரு வியாழக்கிழமை எரிச்சலில்
பகல் தாளிலிருந்து ஒரு பத்தி
இரவுத் தாளில் ஒட்டிக்கொண்டது.
"கூட்டத்தில் சிரிப்பீர்கள், வீட்டுக்கு வந்துதான் களைப்பீர்கள்.
சொல்லாமல் விட்ட பதில்கள் உங்களிடம் நிறைய இருக்கின்றன."
விருச்சிகம் என்று அச்சாகியும்விட்டது.
ஆசிரியர் மட்டும் போனில்,
"பரிகாரம் விட்டுப்போச்சேம்மா" என்றார்.

கீழே இரவுக் காவலுக்கு அருமைநாதன்.
மாரிக்குப்பம் ரயிலில் தினம் வந்து போகிறவர்.
நாற்காலிக் கையில் இதழை மடித்து வைத்துக்கொண்டு
"இந்த வாரம் நான் விருச்சிகம் மேடம்,
அப்படியே என்னைய எழுதியிருக்கான்" என்றார்.

உங்க ராசியா அது?

"எனக்கேது ராசி?
ஆதார்ல ஜனவரி ஒண்ணுனு போட்டுட்டான்.
சுரங்கத்துல சங்கு ஊதுன ராத்திரி பொறந்தேனாம்.
எத்தனையோ ராத்திரி ஊதியிருக்கு.
பங்காரப்பேட்டை தாண்டறதுக்குள்ள
பன்னிரண்டையும் படிச்சுடுவேன் மேடம்.
எது காலியா இருக்கோ
அதுல ஏறி உக்காந்துக்குவேன்.
போன வாரம் மீனம்.
பொண்ணு கல்யாணத்தப்ப சிம்மம்,
ஒரு மாசம் பூரா."

படியேறும்போது கேட்க மறந்தது ஞாபகம் வந்தது:
ரயிலில் இடம் கிடைக்குமா அவருக்கு?

அடுத்த வாரத்துக்கான பலனை அன்றே எழுதினேன்.
'பிடிவாதமாக இருங்கள்' என்று விருச்சிகத்துக்கு ஒரு வரி.
'ஜன்னலோரம் இடம் கிடைக்கும்.'
பிறகு யோசித்தேன்,
இந்த மனிதர் எதில் ஏறுவார் என்று யார் கண்டது.
மேஷத்துக்கும் போட்டேன்.
ரிஷபத்துக்கும்.
மீனம் வரைக்கும் போட்டு முடித்தபோது மணி இரண்டரை.

காலையில் ஆசிரியர் கேட்கிறார்:
"என்னம்மா, இந்த வாரம்
உலகமே ஊருக்குக் கிளம்புதா?"