பதினைந்தாவது பெயர்

பதினைந்து பேர் சேர்ந்தால்தான்
பிளஸ் ஒன்னில் கலைப் பிரிவு நடக்கும்.
தலைமையாசிரியை சொல்லிவிட்டார்:
திங்கட்கிழமை சாயந்திரம் ஐந்து மணி,
அதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது.
வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல்
நான்கும் ஒரே பீரோவுக்குள் போய்விடும்.
நான் உபரி ஆசிரியை ஆகிவிடுவேன்.

ஸ்கூட்டியில் கிளம்பினேன்.
மே மாத வெயிலில் திருச்செங்கோட்டு மலை
எந்தத் தெருவில் திரும்பினாலும் கூடவே வந்தது.
விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்,
"நல்ல மார்க் வாங்கினவங்களும் இதப் படிக்கலாமுங்க."
"கலைன்னா டேன்ஸுங்களா டீச்சர்?" என்றார் ஒருத்தர்.
கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.
காமர்ஸ் என்றால் ஆடிட்டர்.
கம்ப்யூட்டர் என்றால் கோயமுத்தூர்.
பயாலஜி என்றால் ஆஸ்டல், விடிகாலை நாலரைக்கு மணி.
புவியியல் என்றால்
கையில் பிடித்துக் காட்ட என்னிடம் ஓர் அட்டை உருண்டை,
அதிலும் ஆப்பிரிக்காவைக் கரையான் தின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை வரை பதினாலு.
கணக்கில் முப்பத்தைந்தைத் தொட்டு மூச்சு வாங்கியவர்கள் ஒன்பது பேர்,
போலீசாகப் போகிற மோகனப்பிரியா,
அவள் சேர்கிறாள் என்பதற்காகச் சேர்ந்த இரண்டு பேர்,
தப்பான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு
"இருக்கட்டுமுங் மிஸ்" என்றவன் ஒருவன்.
மிச்சமுள்ள ஒருத்தி ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை.
கேட்டால் போய்விடுவாளோ என்று பயம்.

சனிக்கிழமை நிதர்சன் வந்தான், டி.சி. வாங்க.
ராசிபுரம் பக்கம் அட்வான்ஸ் கட்டியாச்சு, நாற்பதாயிரம்.
கிளார்க் சாப்பிடப் போயிருந்தார்.
சுவரிலிருந்த இந்தியா முன்னால் நின்றவன்
ஊர் ஊராக விரல் வைத்தான்.
"பீதர், நானூத்தி அம்பது அடி.
ஜபல்பூர், எரநூறுலயே தண்ணி.
ராய்ச்சூர், எண்ணூறு. வெறும் புழுதிதான் வந்துச்சாமுங்.
இந்த ஊரு மேப்புல இல்லீங் மிஸ்,
இங்கதான் ராடு சிக்கி ஒம்பது நாளு கெடந்தாங்க."
அப்பா அர்த்தநாரி ரிக் வண்டியில் டிரில்லர்,
மழைக்காலத்தில் மட்டும் வீடு.

நான் இந்த நாட்டை
நீளத்திலும் அகலத்திலும் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு இன்னும் ஒருத்தர் வேணும்டா" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
என் வேலைக்காக ஒரு பையனின் இரண்டு வருடத்தைக்
கடன் கேட்டதுபோல் இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை
துவைத்த துணிகளையே திரும்பத் துவைத்தேன்.

திங்கள், நாலே முக்கால். போன்.
பின்னால் ஏதோ ஒரு மாநிலத்தில் பாறை அரைபடுகிறது.
"ஏனுங் டீச்சர், அந்த குரூப்பு படிச்சா
தண்ணி எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுருமுங்களா?"
ஆமாம் என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது.
"ரெண்டு வருசத்துல தெரியாதுங்க."
கொஞ்ச நேரம் எந்திரம் மட்டும் ஓடியது.
"எனக்கு இருபத்திரண்டு வருசமாத் தெரியலீங்க.
பேர எழுதிக்குங்க."

அட்வான்ஸ் திரும்பி வருமா என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.
பேனா மை விடவில்லை.
அழுத்தி எழுதினேன்,
அடியிலிருந்த நாலு தாளிலும்
அவன் பெயர் பள்ளமாக இறங்கியிருந்தது.