ரேகை பொருந்தவில்லை

கருங்கல் இ-சேவை மையத்தில்
ஷைஜின் தலை நிமிராமல் கேட்கிறான்:
யாருக்கு?
நேசபாக்கியம், கணவர் பெயர் தாசையன்.
பென்ஷனை நிறுத்தணும்.
நாளையிலிருந்து பால் வேண்டாம் என்பதுபோல
சொல்லிவிட்டேன்.
அதற்குப் பிறகுதான் அவன் நிமிர்ந்தான்.

நவம்பர்தோறும் இங்கே வருவோம்,
அம்மச்சி உயிரோடிருப்பதாகச் சான்று வாங்க.
எப்போதும் மழை. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம்,
சொட்டும் குடை என் மடியில்.

சின்னக் கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சம்.
வலது பெருவிரலை வைப்பாள்.
பொருந்தவில்லை.
ஆள்காட்டி விரல்.
பொருந்தவில்லை.
ஷைஜின் துணியால் துடைப்பான்.
நான் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவுவேன்.
திருவிருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள்போல
பத்து விரல்களும் ஒவ்வொன்றாகப் போய்
ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்.

முப்பத்தொன்பது வருஷம்
அண்டியாபீஸில் குத்தவைத்து அண்டி தல்லியவள்.
தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு
மனுஷத் தோல் என்றால் கொதி.
சாம்பலைப் பூசினாலும் தின்னும்,
பூசாவிட்டாலும் தின்னும்.
கூலி கிலோக்கணக்கில்.
போன கோடுகளை யாரும் எடைபோடவில்லை.

வாசலில் சோதனை உண்டு.
மடியை உதறச் சொல்வார்கள்,
கொண்டைக்குள் விரல் விட்டுத் துழாவுவார்கள்.
கடைவாய்க்குள் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.
அங்கே ஒதுக்கிய ஒரு பருப்பு
மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வந்து
இரண்டாகப் பிளக்கும்,
மாமாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.
கடையில் வாங்கும் முந்திரிக்கு
அந்த உப்பு இல்லை என்பாள் அம்மா, இன்றைக்கும்.

நல்லவள் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது.
வரப்பில் நின்ற ஒரு அயனிமரத்துக்காக
சொந்தத் தங்கச்சியிடம் பதினோரு வருஷம் பேசவில்லை.
சர்க்கரை டாக்டரிடம்
கூசாமல் பொய் சொல்வாள்.
ஜெபத்தின் நடுவில் ஒற்றைக்கண் திறந்து
மீன்சட்டியைப் பூனை உருட்டுகிறதா என்று பார்ப்பாள்.

"சாறே, நான் நேர்ல வந்து நிக்கேன்.
இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட்டு?"
பேரன் வயசுக்காரனை சாறே என்றால்
ஷைஜினுக்குக் காது சிவக்கும்.
"எனக்குத் தெரியும் அம்மச்சி,
மெஷினுக்குத் தெரியாண்டாமா?"
"அப்பம் அதுக்கிட்ட நீ சொல்லு, எனக்க மக்களே,
இவ செத்துப் போவல்லண்ணு."

கடைசியில் புரை எடுத்த கண்ணைப் படம் பிடித்து
எப்படியோ ஒத்துக்கொள்ளும்.
பத்தாம் கிளாஸ் பாஸானவள் மாதிரி வெளியே வருவாள்.
"உயிரோட இருக்கேன் பிள்ளே,
ஒரு ரசவடை வாங்கித் தா."

செப்டம்பரில்
பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட
சித்தி வெள்ளைத் துணி கிழித்தாள்.
கட்டுமுன் ஒரு நிமிஷம் என்று வாங்கி
திருப்பிப் பார்த்தேன்.
கரைந்து தீரப்போகும் பார்சோப்பின் துண்டுபோல
மழுமழுவென்று, ஒன்றுமே இல்லாமல்.
ஓரத்தில் மட்டும் ஒரு பழுப்புக் கறை,
எந்தச் சோப்புக்கும் போகாதது.

இன்றைக்கு விரல் வேண்டாம்,
கண் வேண்டாம்.
பேரூராட்சி முத்திரை வைத்த ஒரு தாள் போதும்.
ஷைஜின் அதை ஸ்கேன் செய்தான்,
எண்ணைத் தட்டினான்.
முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது.

"எவ்வளவு?"
"இருக்கட்டும் அக்கா."
"இல்ல, எவ்வளவு?"
"அறுபது."

பணம் எடுக்கப் பைக்குள் கைவிட்டேன்.
பர்ஸுக்கு முன்னால் கையில் தட்டியது
ரப்பர் மூடி போட்ட பழைய மருந்துக் குப்பி,
கழுத்துவரை தேங்காயெண்ணெய்.
காலையில்
நான்தான் நிறைத்திருக்க வேண்டும்.