இரண்டாவது கோடு

மஞ்சள் விளக்கு எரிகிறது என்றுதான் வந்தாள்.
போரூர் ஆஸ்பத்திரி லேபில் ரத்த அணுக்களை எண்ணுகிற வேலை.
ராத்திரி ஷிப்ட் முடிந்த கண்ணோடு
"அழிச்சிக் குடுத்துடுங்க, போதும்" என்றாள்.

அழிக்கலாம்.
ஒரு பொத்தான், அரை நிமிஷம்.
வண்டலூர் போய்த் திரும்புவதற்குள்
அதே இடத்தில் அதே மஞ்சள்
மறுபடி எட்டிப் பார்க்கும்.

ஸ்கேனரைச் செருகினேன். நானூற்று இருபது.
"புகையைக் கழுவுற டப்பா கழுவலன்னு
வண்டியே புகார் குடுக்குது மேடம்."
"கழுவலையா,
இல்ல கழுவலன்னு சொல்றவன் பொய் சொல்றானா?"
எண்ணுகிறவள் கேட்கிற கேள்வி.
போன மாசம் மதுரவாயலில் ஒருத்தர்
ஹீட்டர் போச்சென்று பின்சென்சரை மாற்றியிருக்கிறார்.
அதிலிருந்துதான் இந்த விளக்கு.

பைபாஸில் அவள் ஓட்ட,
ஸ்கேனர் என் மடியில். திரையில் இரண்டு கோடுகள்.
முதலாவது, டப்பாவுக்கு முன்னால்:
கோயம்பேட்டில் பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி
ஏறும், இறங்கும், ஏறும். அதன் குணம் அது.
இரண்டாவது பின்னால்.
காற்றில்லாத மத்தியானத்துச் செம்பரம்பாக்கம் போல
அசையாமல் கிடக்கவேண்டும்.
கிடக்கவில்லை.
முன்கதவில் தட்டியது அப்படியே
பின்கதவில் கேட்டது,
நடுவில் வீடே இல்லாத மாதிரி.

அவசரப்படக்கூடாது.
இந்த எண்ணை மட்டும் நம்பி
நல்ல டப்பாவைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.
இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்தேன். குமிழ் இல்லை.
பிளக் நாலையும் கழற்றினேன். பிஸ்கட் நிறம், குறை சொல்ல முடியாது.
சூடு பார்த்தேன்:
உள்வாயில் முந்நூற்றுப் பத்து,
வெளிவாயில் இருநூற்று எழுபது.
வேலை நடக்கிற இடத்தில் சூடு ஏறும்.
இங்கே ஆறிக்கொண்டே போகிறது.

அப்போதுதான் பையிலிருந்து ஒரு ஜிப் கவர் எடுத்தாள்.
மேலே தேதி, வண்டி எண், 'தேவகிருபை' என்று பெயர்.
"பழைய சாமானைக் கேட்டு வாங்கிட்டேன். பழக்கம்."
உள்ளே செத்த சென்சார். கூடவே
கட்டைவிரல் அளவில், ஓட்டை போட்ட ஒரு நட்டு.
"இது எக்ஸ்ட்ரான்னு சொன்னார்."

எக்ஸ்ட்ரா இல்லை.
சென்சாரின் மூக்கைப் புகையிலிருந்து
ஓர் அங்குலம் தள்ளிப் பிடிக்கிற நட்டு.
இத்தனை வருஷம் அந்தக் கோட்டை
ஏரியாக வைத்திருந்தது இதுதான்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி
ரப்பர் சுத்தியால் தட்டினேன்.
நிறைந்த டப்பா 'டொப்' என்னும்.
இது 'டங்' என்றது, காலி எண்ணெய் டின்.
யாரும் பார்க்காத மேல்பக்கத்துக்குக் கண்ணாடியை நீட்டினேன்.
அறுத்து மூடிய வெல்டிங்.
மணிமணியாகப் போய், முடிகிற இடத்தில்
இடப்பக்கம் ஒரு வால்.

அந்த வாலை எனக்குத் தெரியும்.

புதுப்பேட்டை. பத்தொன்பது வயது.
ஷட்டர் பாதி இறங்கிய கடையில்
உள்ளிருக்கும் தேன்கூட்டை இடித்துக் கோணியில் கொட்டிவிட்டு
வெறும் கூட்டை மூடித் தந்தால் ஒன்றுக்கு நூற்றைம்பது.
கோணியில் இருப்பது பிளாட்டினம் என்று
முதலாளிக்குத் தெரியும்.
எனக்குத் தெரிந்தது சாயங்காலப் பிரியாணி.
வலது தோள் அப்போதே சரியில்லை,
முடிக்கும்போது கை இடப்பக்கம் சரியும்.

"நானும் பாக்கலாமா?"
கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"உள்ள என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்ல."
"யார் எடுத்திருப்பாங்க?"
நான் டார்ச்சை அணைத்தேன்.

எஸ்டிமேட் எழுதினேன்.
புது டப்பா, கேஸ்கெட் ரெண்டு, போல்ட்.
கூலி என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
ஒரு கோடு இழுத்துவிட்டேன்.
விரல் வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தவள்
அங்கே நிறுத்தினாள்.
"இது விட்டுப்போச்சு."
"விட்டுப்போகல."

என்னைப் பார்த்தாள். பிறகு
என் முதுகுக்குப் பின்னாலிருந்த பெஞ்சைப் பார்த்தாள்.
காலையில் பற்றவைத்த சைலன்சர் பிராக்கெட் ஒன்று
அங்கே ஆறிக்கொண்டிருந்தது,
வால் இடப்பக்கம்.