கடைசிச் சுருள்

பகாவிலிருந்து ஏழாம் கட்டை.
சம்பளச் சனிக்கிழமை
தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டுவார்கள்.
அன்றைக்கு வந்தது குதிரைப் படம்.
தமிழ் இல்லை. எழுத்தும் ஓடவில்லை.
படம் காட்டும் இபுராகிம்
ஒலிபெருக்கியில் ஒரே ஒருமுறை சொன்னார்:
"இவன் அண்ணன், அவன் தம்பி.
ரெண்டு தலைக்கும் விலை வெச்சிருக்கான்."
மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

அடைக்கலத்துக்கு அந்த அண்ணனைப் பிடித்துப்போனது.
பேங்கைக் கொள்ளையடிக்கப் போகுமுன்
குனிந்து தம்பியின் பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிடுவான்.
எனக்குக் குதிரையைப் பிடித்தது.

கடைசியில்
ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் துப்பாக்கி.
அண்ணன் தம்பியைப் பார்க்கிறான்.
தம்பி
என்று நினைப்பதற்குள்
ஜெனரேட்டர் இருமி நின்றது.
டீசல் தீர்ந்துபோச்சு என்றார் இபுராகிம்.
திடலே ஏசியது.

அதற்குப் பிறகு எத்தனை ராத்திரி!
மங்கில் உறைந்த கட்டிப்பாலைத் தோண்டித் தோண்டி
சாக்கில் திணித்துக்கொண்டே பேசுவோம்.
"அண்ணன்காரன்தான் செத்திருப்பான்."
"ரெண்டு பேரும் தப்பிச்சிருப்பாங்க."
"போடா. ஒரு குதிரைதான் இருந்திச்சு."

எங்களுக்கும் ஒரு கப்சாய்தான்.
விளக்கை அணைத்து
சடக்கில் ஏறும்வரை நான் ஓட்டுவேன்,
பின்னால் அவன், அவன் முதுகில் மூட்டை,
என் சட்டையெல்லாம் அந்த நாற்றம்.
கம்பத்துத் தவுக்கேயின் தராசு
எங்களைவிடப் பெரிய திருடன்.
கிடைத்த பதினெட்டு வெள்ளியில்
எனக்குப் பத்து தருவான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை,
பலகைப் பாலத்தில்
டார்ச் அடித்தது.
ஒன்றில்லை, மூன்று. ஒரே நேரத்தில்.
ஜாகா ஒருத்தன்தானே எப்போதும் வருவான்.
அடைக்கலம் மூட்டையோடு குதித்தான்.
"நீ ஓட்டு."
ஓட்டினேன்.

சிரம்பான் சிறையில் பதினாலு மாதம்.
அடுத்த மாதப் பெரட்டில்
மண்டோர் என்று என் பேரைக் கூப்பிட்டார்கள்.
வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அண்ணிக்கு நான் கொண்டுபோன அரிசி
மூன்று நாள் வாசலிலேயே கிடந்தது.
கோழிகள் தின்றன.

இப்போது கித்தா இல்லை, எல்லாம் செம்பனை.
திடலில் உரக்கிடங்கு.
போன வாரம் மகள் அந்தப் படத்தைத்
தொலைக்காட்சியில் தேடிப் போட்டுக் கொடுத்தாள்.
அவள் தூங்கிய பிறகு ஒலியைக் குறைத்துத்
தனியாகப் பார்த்தேன்.
பள்ளத்தாக்கு. துப்பாக்கி.
அண்ணன் தம்பியைப் பார்க்கிறான்.
இந்த முறை டீசல் தீரவில்லை.

காலையில் அடைக்கலம் பசியாற வந்தான்.
பல் இல்லை, ரொட்டியைக் கொப்பியில் முக்கித்தான் தின்கிறான்.
"படம் பாத்தியாமே. கடைசியில என்னடா ஆச்சு?"

"கரண்டு போயிருச்சு" என்றேன்.

அவன் ரொட்டியை இன்னும் கொஞ்சம் ஊறவிட்டான்.
"அன்னிக்கு மூணு டார்ச்சு, இல்ல?"
என்னிடம் கணக்குச் சரிபார்க்கிறவன் மாதிரி.

"ஆமா."

"சீனி பத்தல" என்று
டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.