கோடு அவுட்டு

அட்டவணையில் இருக்கிறது:
பத்தரை முதல் பதினொன்று வரை
வெளிப்புற விளையாட்டு.
அட்டவணை சென்னையில் அச்சானது.
வடகரம்பையில் சித்திரை மாதப் பத்தரைக்கு
சறுக்குமரத்தின் தகடு
தோசைக்கல்.

போன வருஷம் மோனிஷ்
கால்சட்டை ஏறிய இடத்தில்
ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்பளம் வாங்கினான்.
அவன் அப்பா சண்டைக்கு வரவில்லை.
நாலு நெல்சாக்கைத் தகட்டின்மேல் போர்த்தி
கயிற்றால் இறுக்கிவிட்டுப் போனார்.
பிள்ளைகள் அதற்குத் தூங்குற யானை என்று
பேர் வைத்திருக்கிறார்கள்.
பக்கத்தில் போனால் மெதுவாகப் பேசுகிறார்கள்.

உள்ளே இருக்கலாம்தான்.
மின்விசிறி ஒன்று, பிள்ளைகள் பத்தொன்பது.
கரண்ட் போனால் செங்கமலம் முறத்தை எடுப்பாள்,
அவித்த முட்டைக்கும் பிள்ளைகளுக்கும்
சேர்த்து ஒரே வீச்சு.

ஆனால் எங்களுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு.
முப்பதாயிரம் லிட்டர், நாலு கால்,
இரண்டு தலைவர்கள் பெயர்
ஒன்றின்மேல் ஒன்றாகப் பெயிண்டில்.
வாய்க்காலில் தண்ணீர் முறை தவறும்.
தொட்டியின் நிழல் ஒருநாளும்
முறை தவறியதில்லை.

குச்சியால் அதன் விளிம்பைச் சுற்றிக் கீறுவேன்.
கோட்டைத் தாண்டினால் அவுட்டு.
அவ்வளவுதான் ஆட்டம்.
சர்வேஷ் ஒரு காலை நிழலிலும்
ஒரு காலை வெயிலிலும் வைத்து
பாதி அவுட்டுக்கு வழக்காடுவான்.
பத்து நிமிஷத்தில் நிழல் நகர்ந்துவிடும்,
கோடு தனியாகக் காயும்.
“டீச்சர், கோடு அவுட்டு!”
ஆதிலாதான் முதலில் பார்ப்பாள், எப்போதும்.
இன்னொரு கோடு. இன்னொன்று.
உச்சிக்குள் மண்ணெல்லாம்
கெண்டைச் செதில் மாதிரி ஆகிவிடும்.

இன்று எதிரே வாய்க்கால் தூர் வாருகிறார்கள்.
நூறு நாள் வேலை.
பதினோரு மணிக்கு வருகைக்குப் படம் எடுக்க வேண்டும்.
ஒதிய மரத்தடியில் எடுத்தால்
முகம் கறுப்பாக விழுகிறதாம்.
கலைவாணி போனைத் தூக்கிப் பிடித்து
வெளியே வரச் சொல்கிறாள்
(அவளும் வெயிலில்தான் நிற்கிறாள்).
சேலைமேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு,
பெண்கள் கரைமேல் வரிசையாக.
போனில் வட்டம் சுற்றுகிறது.
சுற்றுகிறது.
நெற்றியில் கைவைத்து மறைத்தவளிடம்
“கையை எடுக்கா” என்கிறாள்.

மித்ரா எங்கள் கோட்டின் ஓரத்தில் நின்று
ஒவ்வொருவராக எண்ணினாள்.
அவளுக்கு ஆறு வரைதான் தெரியும்.
ஆறாவது ஆள் சுகந்தி.
“அம்மா அவுட்டு” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.
மோனிஷ் எட்டிப் பார்த்துத் திருத்தினான்:
“எல்லாருமே அவுட்டு.”

பெரியவங்க ஆட்டம் வேற என்று
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
என்ன ஆட்டம் என்று கேட்பாள்.
மூடிக்கொண்டேன்.

அதற்குள் என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி
வெளியே இறங்கிவிட்டாள்,
செருப்பில்லாமல்,
குதித்துக் குதித்து
எங்கள் வட்டத்தின் ஒரு பக்கத்தை
கேட்டு வரை இழுத்துக்கொண்டு போனாள்.
கேட்டு பூட்டியிருந்தது.
கம்பிக்கு நடுவே தோள் வரை கையை நுழைத்து
எட்டிய மட்டும் கீறினாள்.
ஒரு முழம் இருக்கும்.
அதற்கப்புறம் தார் ரோடு.

தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.
செங்கமலம் பருப்புக் கழுவ வைத்திருந்த
குண்டானில் அவள் பாதங்களை இறக்கினாள்.
“சுடுதா?”
“கோடு வரலை” என்றாள்,
வேறு யாரிடமோ கோபமாக.

கரையில் வட்டம் நின்றது போல.
பெண்கள் மறுபடி வாய்க்காலுக்குள் இறங்க,
துண்டுகள் மட்டும் தெரிந்தன.

பதினொன்றேகாலுக்கு என் போன் கேட்டது:
வெளிப்புற விளையாட்டு நடந்ததா?
படம் பதிவேற்றவும்.

தொட்டிக்கு அடியில் நிற்க வைத்து எடுத்தேன்.
பத்தொன்பது முகமும் கறுப்பாகத்தான் விழுந்தது.
அப்படியே அனுப்பினேன்.